மூடுபனியில் வந்த கயிறு

படகு வந்த சத்தம் கேட்கவில்லை. ஈரக் கயிறு ஒன்று மேல்தளத்தில் வந்து விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

கீழே கேபினில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்த ஹில்யா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். தலைக்கு மேலே அவள் கணவர் வெய்க்கோவின் காலடிகள் படகின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு விரைந்தன. எழுபத்திரண்டு வயதில் வேறு எதற்கும் அவர் அப்படி ஓடுவதில்லை. கயிறு தளத்தில் இழுபடும் சரசரப்பு, தளத்தில் பதித்த இரும்புக் கொம்பைச் சுற்றி அது இறுகும் முனகல், கடைசியில் முடிச்சின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய வரிசை, ஒன்றும் பிசகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வர வேண்டிய சத்தங்கள் எதுவுமே வரவில்லை. எஞ்சின் உறுமவில்லை, பாய் படபடக்கவில்லை, பக்கத்தில் கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு குரல் கேட்கவில்லை. ஜூலை மாதத்து நாலு மணி வெயில் மேலே எங்கோ இருந்திருக்க வேண்டும். இரண்டு நாளாகக் குடாவை அடைத்துக்கொண்டு நிற்கும் மூடுபனியில் கேபின் சன்னல்கள் மோர் ஊற்றிவைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தன.

வெய்க்கோ படிவாசலில் குனிந்து தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"யாரோ வந்திருக்காங்க. கட்டிட்டேன். காப்பி போடு."

"எந்தப் படகு?"

"பனியில எங்க தெரியுது? கயிறு வந்துச்சு, பிடிச்சேன்."

"எஞ்சின் சத்தமே கேக்கலையே."

"உனக்கு எப்பத்தான் என்ன கேட்டிருக்கு, கிழவி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் மேலே போய்விட்டார்.

சுப்பீரியர் ஏரியின் வடகரையில் படகோட்டும் ஃபின்லாந்துக்காரக் குடும்பங்களுக்கு அது யாரும் எழுதிவைக்காத சட்டம். கயிறு எறிந்தால் பிடிக்க வேண்டும். குடாவில் முதலில் நிற்கிறவன் நங்கூரம் போட்டிருப்பான். அடுத்து வருகிறவன் அவன் படகோடு தன் படகைக் கட்டிக்கொள்வான். அதற்கடுத்தவன் அந்தப் படகோடு. வருவது யார், எவர் என்ற கேள்வியெல்லாம் கட்டி முடித்த பிறகுதான். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் கயிற்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இதில் வெய்க்கோ கெட்டிக்காரர். தூக்கத்தில் எறிந்தால்கூடப் பிடித்துவிடுவார் என்று தண்டர் பே படகுத்துறையில் அவரைக் கேலி செய்வார்கள்.

தலைதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் காப்பிப் பானையைக் கொண்டுபோய் வாசலில் இருந்த தபால் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். மார்ச் மாதத்தில் செத்துப்போன தன் அக்காளின் பெயரைச் சொல்லி ஹில்யாவை இரண்டு தடவை கூப்பிட்டார். கார் ஓட்டும் உரிமத்தை டாக்டர் வாங்கிக்கொண்டார். மகள் கைஸா கறாரான பெண். முதியோர் இல்லத்தில் இரண்டாம் மாடியில் ஓர் அறை காலியாகிறது என்று விண்ணப்பத்தையே பூர்த்தி செய்து கொண்டுவந்துவிட்டாள். ஹில்யா கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கோடையில் மூன்று வாரம் படகில் போய்விட்டு வருகிறோம், ஒரு விபத்தும் இல்லாமல் திரும்பி வந்தால் அப்பா என்னோடு வீட்டிலேயே இருப்பார், வழியில் ஒரே ஒரு தடவை யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டால்கூட நீ சொன்னபடி செய்கிறேன் என்று மகளோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பதினாறு நாள் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராஸ்போர்ட் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்துவிட்டால் முக்கால்வாசிக் கிணறு தாண்டிய மாதிரி.

அதனால்தான் அவள் கையைத் துடைத்துக்கொண்டு உடனே படியேறினாள். மேலே ஒரு கயிறும் இருக்காது, வெறும் கொம்பைத் தட்டிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தாள்.

கயிறு இருந்தது. பார்த்ததும் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

முன்தளத்தின் இரும்புக் கொம்பில் எட்டுப் போட்ட மாதிரி கச்சிதமாகச் சுற்றி, கடைசி மடிப்பை அடியில் செருகி, அழகாகக் கட்டியிருந்தார். ஆனால் இந்தக் காலத்தில் யாரும் வைத்திருக்காத கயிறு. மணிக்கட்டுப் பருமன், கருத்த நார்க்கயிறு, அதன் முறுக்குகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் ஏதோ சேறு. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு நாற்றம், அதோடு கொஞ்சம் தார் வாசனையும். கயிறு தள விளிம்பைத் தாண்டி விறைப்பாக நீண்டு, ஆறேழு அடியில் பனிக்குள் மறைந்துபோனது.

"யாருங்க அது?" என்று ஹில்யா பனியைப் பார்த்துக் கேட்டாள். "எந்தப் படகு?"

இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சும்மா இருக்காது. நடுவில் தொங்கும் ரப்பர் உருளைகள் கீச்சிடும், பாய்மரக் கம்பிகள் தட்டும், யாராவது இருமுவார்கள், தட்டு கழுவுவார்கள். இங்கே பனி மரங்களில் பட்டுச் சொட்டும் சத்தம் மட்டும் கரையிலிருந்து வந்தது. காற்று ஒரு துளி இல்லை. அப்படியிருக்கக் கயிறு ஏன் இவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று அவள் யோசித்தாள். நீரோட்டம் ஏதாவது இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குடாவுக்குள் நீரோட்டம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

காப்பி போட்டாள். விருந்தாளிக்கு என்று ஏலக்காய் ரொட்டியை வெட்டித் தட்டில் அடுக்கினாள். அரைமணி நேரம் யாரும் வரவில்லை. வெய்க்கோ சுக்கான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தலைவாரிக்கொண்டு, வரப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தார். வெட்கப்படுகிறார்கள் போலிருக்கிறது என்றார். கரையில் இருக்கும் சவுனாவை, அந்த நீராவிக் குளியல் குடிசையை, சூடாக்கிவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள், விறகுக்கு நான் போகட்டுமா என்று கேட்டார். பல மாதமாக அவர் இத்தனை வார்த்தைகளைக் கோவையாகப் பேசி அவள் கேட்டதில்லை. கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தக் கயிற்றைத் திட்ட மனசு வரவில்லை.

இருந்தாலும் உட்கார முடியவில்லை. எழுந்து முன்பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். மூன்றாவது தடவை போனபோது குனிந்து கயிற்றைத் தொட்டாள். எலும்பு வரை இறங்கும் குளிர். உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தபோது தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பளிக் கையுறையை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

கையை எடுக்கப் போன சமயத்தில் மறுமுனையிலிருந்து யாரோ இழுத்தார்கள். மெதுவாக, ஒரு தடவை. சற்று நிறுத்தி, இன்னொரு தடவை.

கட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கிற இழுப்பு அது. படகுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் பின்னால் நகர்ந்ததும், இடதுபக்கத்துப் பனியிலிருந்து இரண்டாவது கயிறு வந்தது. இந்தத் தடவை அவள் கண்ணால் பார்த்தாள். வெள்ளையிலிருந்து ஒரு கருப்புச் சுருள் வெளியே வந்து, காற்றில் அவிழ்ந்து, தண்ணீர் சிதறத் தளத்தில் அடித்து விழுந்தது. அவள் உடம்பு அந்த எறிதலில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மூளைக்கு முன்னாலேயே கண்டுகொண்டது. தளத்தில் நிற்கிறவன் எறிந்தால் கயிறு மேலிருந்து வளைந்து வரும். இது கீழேயிருந்து வந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து.

"விடு விடு, நான் பாத்துக்கறேன்." வெய்க்கோ அவளை இடித்துக்கொண்டு ஓடிவந்து அள்ளினார். உறைகூட இல்லாத கையால் எட்டுப் போட்டார், செருகினார், தட்டினார்.

"வெய்க்கோ, அதைக் கட்டாத."

"ஏன்?"

"யாருன்னே தெரியாது" என்றாள்.

"தெரிஞ்சவங்க கயித்தை மட்டுந்தான் பிடிப்பியா நீ?" அவர் உண்மையிலேயே மனம் நொந்து பார்த்தார். "இத்தனை வருஷம் என்கூட இருந்துட்டு இப்படிக் கேக்கற."

அவள் கேபினுக்குள் இறங்கி ரேடியோவின் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். பதினாறாம் எண் அலைவரிசையில் மீட்புக்காரர்கள் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்தாள். என்ன சொல்வது? குயிக்கா என்ற முப்பதடிப் படகு, ஞாபகம் தப்பிப்போன என் கணவர் மூடுபனியில் யாருடையதென்று தெரியாத கயிறுகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார், தயவுசெய்து வாருங்கள். வருவார்கள். பனி விலகியிருக்கும், கயிறு எதுவும் இருக்காது, கைஸாவுக்குத் தகவல் போகும். இரண்டாம் மாடி, சன்னலைத் திறக்க முடியாத அறை, ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. அவர் கை எதைப் பிடிக்கும் அங்கே? அவள் ஒலிவாங்கியைக் கொக்கியில் திரும்ப மாட்டினாள்.

மாட்டிய அதே நொடியில் படகு இடதுபக்கம் லேசாகச் சாய்ந்தது.

படகில் ஓர் ஆள் கால் வைத்தால் காதுக்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும். தட்டிலிருந்த கரண்டி நகரும், விளக்கு ஆடும், பாதத்துக்கடியில் பலகை ஒரு விரற்கடை இறங்கி மறுபடியும் ஏறும். இப்போது பலகை இறங்கியது. ஏறவில்லை.

அவள் படிகளில் தாவி ஏறினாள். வெய்க்கோ முன்தளத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவரைத் தவிர யாரும் இல்லை. இடதுபக்கத்து விளிம்பிலிருந்து சுக்கான் இருக்கை வரைக்கும் தளப்பலகையில் ஈரம் படர்ந்திருந்தது. காலடியென்று சொல்ல முடியாது, துணியை நனைத்து இழுத்துக்கொண்டு போன தடம். இருக்கையில் அவர் வைத்துவிட்டுப் போன காப்பிக் கோப்பை காலியாக இருந்தது. அவர் குடித்திருக்கலாம்.

இனி இங்கே ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள். எஞ்சினைக் கிளப்பினாள், நல்லவேளை, உடனே பிடித்தது. முதலில் நங்கூரத்தை எடுக்க வேண்டும், பின்பக்கத்திலிருந்து கரையோரப் பைன் மரத்துக்குக் கட்டியிருந்த நீளக்கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்ற நிதானமெல்லாம் போய்விட்டது. கைப்பிடியை முன்னால் தள்ளினாள். பின்னால் தண்ணீர் நுரைத்தது. படகு முன்னால் போகவில்லை. கருத்த கயிறுகள் இரண்டும் முனகின, முன்பக்கம் ஒரு சாண் கீழே இறங்கியது. வலப்பக்கத்தில் பொத்தென்று மூன்றாவது கயிறு வந்து விழுந்தது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

"அவசரப்படாத" என்று வெய்க்கோ அங்கிருந்து சிரித்தார். "இன்னும் வர்றாங்க."

உருளைக்கிழங்குக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கொம்புக்குப் பக்கத்தில் கயிற்றை அறுத்தாள். வெளிநார் பிரிந்தது. உள்ளே பனிக்கட்டி. கத்தி வழுக்கியது, மறுபடியும் அறுத்தாள், முனை உடைந்து தண்ணீரில் விழுந்தது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருந்தது. பிழிந்து ஊற்றினாலும் ஒரு கயிற்றுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்காது.

கரையில் சவுனாவுக்குப் பக்கத்தில் விறகு அடுக்கின்மேல் கோடாலி ஒன்று எப்போதும் இருக்கும். யார் வந்தாலும் விறகு பிளந்து சவுனாவில் குளித்துவிட்டு, அடுத்து வருகிறவர்களுக்காக விறகு அடுக்கி, வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஐம்பது தப்படி தூரம். பைன் மரத்துக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே, படகின் பின்னால் மிதக்கும் சின்ன ரப்பர் படகில் போய்விட்டு, அதையே பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். பனியில் வழி தவறாது. கூட வா என்று அவரைக் கெஞ்சினாள். கை நீட்டினாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். கயிறு வருகிற நேரத்தில் நான் எங்கே வருவது என்று அவர் வேலைக்குப் போகிற மனிதரைப்போல் சொன்னார்.

"அப்படின்னா சத்தியம் பண்ணு. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. அஞ்சே நிமிஷம். இங்கயே உக்காந்திரு."

அவர் அவள் கன்னத்தில் கை வைத்தார். கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"நீ போயிட்டு வா, ஹில்யா. நான் எங்க போகப்போறேன்?"

ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அவள் பெயரைச் சொன்னார். அந்தத் தெம்பில்தான் அவள் இறங்கினாள்.

ரப்பர் படகில் மண்டியிட்டு, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டு போனாள். பத்து இழுப்பில் குயிக்கா பனிக்குள் போய்விட்டது. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை, நடுவில் கயிறு மட்டும். தண்ணீரைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்த்தாள். பாசியும் பைன் ஊசியும் கலந்த கரையின் வாசனை முதலில் வந்தது, அப்புறம் மரத்தின் அடிப்பகுதி தெரிந்தது. கற்களில் வழுக்கி, முழங்கால் தேய, மேலே ஏறினாள்.

விறகு அடுக்கில் கோடாலி இருந்தது. எடுத்தாள். போகவேண்டியதுதான்.

சவுனாவின் கதவு திறந்திருந்தது. நேற்று அவள் தன் கையால் கொக்கி போட்ட கதவு. உள்ளே பார்க்காமல் போக அவளால் முடியவில்லை. அடுப்பில் நெருப்பு இல்லை. கல்லெல்லாம் ஈரம். மூன்று படி பெஞ்சுகளில் மேலிருந்து கீழ்வரை, உட்கார்ந்து எழுந்த மாதிரி வட்டவட்டமாக ஈரத் தடங்கள், நெருக்கமாக, ஓர் இடம் விடாமல். அடுத்தவர்களுக்காக அவள் நிரப்பி வைத்திருந்த வாளி காலி. குளிர் கதவு வழியாக வெளியே வந்து அவள் காலைத் தொட்டது.

அப்போது குடாவிலிருந்து சத்தம் வந்தது.

பொத்.

வெய்க்கோவின் காலடி, ஓட்டமாக.

பொத். பொத்.

ஒன்றன்பின் ஒன்றாக, நாலாபக்கமும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தச் சரசரப்பு, அந்த முனகல், அந்தத் தட்டு. வாங்க வாங்க, பார்த்து ஏறுங்க என்று அவர் உபசரிக்கும் குரல். வயசான குரலே இல்லை அது. பிறகு ஒரு பெண் சிரித்தாள்.

ஹில்யாவுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். மூச்சை உள்ளிழுத்து, மூக்கால் முடிக்கிற சிரிப்பு. கல்யாண வீட்டு வீடியோக்களில் அதைக் கேட்டுவிட்டு, நான் இப்படியா சிரிக்கிறேன் என்று அவளே வெட்கப்பட்டிருக்கிறாள்.

கற்களில் விழுந்து எழுந்து ஓடினாள். கோடாலியைப் படகில் போட்டாள். மரத்திலிருந்து போகும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வந்தது. மறுபடியும் இழுத்தாள். சுலபமாக வந்தது. ரப்பர் படகு நகரவில்லை, கயிறு மட்டும் வந்தது, வளையம் வளையமாக மடியில் குவிந்தது, கடைசியில் ஈரமான முனை அவள் கைக்கு வந்துவிட்டது. அறுபடவில்லை. யாரோ நிதானமாக அவிழ்த்து விட்டிருந்தார்கள்.

துடுப்பை எடுத்தாள்.

"வெய்க்கோ!"

பனி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. துடுப்பு போட்டாள். நேராகப் போகிறோமா என்று தெரியவில்லை. முப்பது துடுப்பு. நாற்பது. வந்திருக்க வேண்டும். ஐம்பது. கரை எங்கே என்பதும் போய்விட்டது. துடுப்பை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். துடுப்பு முனையிலிருந்து சொட்டும் தண்ணீர். தன்னுடைய மூச்சு. வேறு எதுவும் இல்லை.

"இங்க, இங்க!" பக்கத்திலேயே அவர் குரல். "வலப்பக்கம் வாங்க. பயப்படாதீங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. வலப்பக்கம் திருப்பினாள். பனி ஓரிடத்தில் மெலிந்து, சாயங்கால வெயில் பழுப்பாக உள்ளே இறங்கியது. குயிக்கா தெரிந்தது.

பக்கத்தில் ஒரு படகும் இல்லை.

பந்தலுக்கு இழுத்துக் கட்டிய மாதிரி படகைச் சுற்றிக் கயிறுகள். இருபது இருக்கும், முப்பது இருக்கும். எல்லாம் விறைப்பாக நீண்டு, சரிந்து, தண்ணீருக்குள் இறங்கின. படகின் வெள்ளை உடம்பு முக்கால்வாசி காணவில்லை. தள விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி.

ஏரித் தண்ணீர் அங்கே கண்ணாடி மாதிரி. அவள் குனிந்து பார்த்துவிட்டாள்.

கயிறுகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. பச்சை கருப்பாகிற ஆழம் வரைக்கும். ஒவ்வொரு கயிற்றிலும் வெளுத்த கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்திருந்தன. நகர்ந்தன. மேலே.

திரும்பிவிடலாம். கரை பின்னால் எங்கோ இருக்கிறது. துடுப்பு கையில் இருக்கிறது. வெய்க்கோ விளிம்பில் நின்று, அவளைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்து ரத்தம். தலை அழகாக வாரியிருந்தது.

"கயித்தை எறிங்க" என்றார். "நான் பிடிச்சுக்கறேன்."

"வெய்க்கோ. நான்தான்."

"ஆமா ஆமா. எறிங்க."

"என்னைத் தெரியலையா?"

அவர் மரியாதையாகச் சிரித்தார். பல வருஷம் கழித்துப் பார்க்கிற ஆளிடம் பெயர் ஞாபகம் வராதபோது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவரை விட்டுவிட்டுப் போக இந்த உலகத்தில் அவளுக்கு ஓர் இடமும் இல்லை. ரப்பர் படகின் கயிற்றை எடுத்தாள். எறிந்தாள்.

அவர் காற்றிலேயே பிடித்தார். எட்டுப் போட்டார். செருகினார். தட்டினார்.

கோடாலி அவள் காலடியில் இருந்தது. கை அதைத் தேடியது. முதலில் அவரை இறக்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. தோளைப் பிடித்து இழுத்தாவது இறக்கிவிடலாம், இன்னும் இரண்டு முழம், அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார், இன்னும் ஒரு முழம்.

அவர் கேபின் படிவாசல் பக்கம் திரும்பினார்.

"ஹில்யா!" என்று கூப்பிட்டார். "யாரோ ஒரு அம்மா தனியா வந்திருக்காங்க. நனைஞ்சு போயிருக்காங்க பாவம். இன்னொரு கப் எடுத்து வை."

உள்ளே கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது.

"இதோ வந்துட்டேன்" என்றது அவளுடைய குரல்.

படிவாசலில் ஒரு கை வந்து விளிம்பைப் பிடித்தது. விரல்கள் ஊறி வெளுத்து, நகத்துக்கு வெளியே தோல் தொங்கியது. பின்னாலேயே அவளுடைய மஞ்சள் மழைச்சட்டையின் தோள் ஏறி வந்தது, தண்ணீர் வடியும் நரைத்த கூந்தல் ஏறி வந்தது, முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. வெய்க்கோ அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். கொஞ்சமும் தடுமாறாமல், தன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்து, அது மேலே ஏறுவதற்குக் கை கொடுத்தார்.